துப்பாக்கியின் பாரமும் தோளின் பாடும்

1848இல் நுவரெலியாவிற் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் யானை வேட்டைக்கு எடுத்துச் சென்ற துப்பாக்கியின் நிறை 21 இறாத்தல். ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையின் பாரம்! 1840இல், வாலிபப் பருவத்திலேயே, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கம்மியரிடம் தம் விருப்பப்படி அவர் செய்வித்தது அது. குழல் 36 அங்குலம். குண்டு மூன்று, நான்கு அவுன்சு. பாரத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாகாதா?

மாணவர்கள் நியூற்றனின் மூன்றாம் விதியை நினைவுகூர்க. குண்டு முன்னே பாயத் துப்பாக்கி பின்னே உதைக்கின்றது. அதே குண்டு, அதே மருந்து. துப்பாக்கியின் நிறை மட்டும் பாதியாயின் உதையின் வேகமும் ஆற்றலும் இரட்டிக்கும். பேக்கரின் தோளைக் காத்தது அந்தப் பாரமே.

ஆகவே, இலேசான துப்பாக்கி வேண்டுவோர் முதலில் தெரிவுசெய்ய வேண்டியது தோட்டாவை. குழலும் கட்டையும் அதன் பின்னரே. 1884இல் பிரான்சில் வியேய் என்பார் புகையில்லா வெடிமருந்தைக் கண்டபின் சிறு குண்டும் பெருவேகம் பெற்றது. இமயச் சாரலில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்தியமைக்காக ஜிம் கோர்பெற்றுக்குப் பரிசளிக்கப்பட்ட ரிக்பி துப்பாக்கியின் குண்டு அரை அவுன்சும் இராது.

அடுத்துக் குழல். குறுக்கினால் குண்டின் வேகம் குன்றும். ஓசையோ காதைத் துளைக்கும். மெலிவித்தால் விரைவிற் சூடேறிக் குறி பிசகும். ஓரிரு வேட்டோடு அமையும் வேட்டைக்காரனுக்கு மெலிந்த குழலே தகும் என்பது நம் கருத்து. வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் பின்பூட்டில் மட்டும் எவரும் சிக்கனம் பார்க்கலாகாது. கட்டைக்கு வால்நட் மரம் அழகுதான். ஆயினும் ஈரத்திற் பருத்துக் குழலை நெருக்கும். நுவரெலியா மழையில் அது சிறிய குறையன்று.