கழஞ்சிருக்கச் சவரன் எதற்கு?



நாள்தோறும் காலையில் செய்தித்தாளைப் பிரிக்கின்றீர்கள். ஒரு சிறு கட்டத்துள் பொன்விலை அச்சிடப்பட்டிருக்கின்றது. ‘சவரனுக்கு இவ்வளவு ஏறிற்று, சவரனுக்கு இவ்வளவு இறங்கிற்று’ என்று படிக்கின்றீர்கள். மகளுக்குத் திருமணம் பேசுகையில் ‘எத்தனைப் பவுன்?’ என்று கேட்கின்றார்கள். நீங்களும் பவுனிலேயே விடையிறுக்கின்றீர்கள். அந்தச் சவரன் யார் வீட்டுச் சொல், அந்தப் பவுன் எந்நாட்டுச் சொல் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

சவரன் என்பது ஆங்கிலத்தில் முடிமன்னனைக் குறிக்கும் சொல். தனக்குமேல் ஒருவனில்லாத ஆட்சியன் என்பது அதன் பொருள். 1816-ஆம் ஆண்டு இங்கிலாந்து தன் காசுகளுக்கெனச் சட்டம் வகுத்தது. அதன்படி 1817 முதல் அடிக்கப்பெற்ற பொற்காசுக்கு அப்பெயர் இடப்பட்டது. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு பொன். எஞ்சிய ஒரு பங்கு பிற மாழை. நிறை 7.988 கிராம். ஒரு புறத்தில் ஆங்கில வேந்தனின் தலை. 1918-ஆம் ஆண்டில் பம்பாயிலேயே அக்காசை அடித்தார்கள். அக்காசின் மதிப்பு ஒரு பவுன் பணம். ஆகவே பணத்தின் பெயரும் காசின் பெயரும் நம் மக்கள் வாயில் நிறையின் பெயர்களாயின.

1947-இல் ஆங்கிலன் கப்பலேறிப் போனான். அவன் கொடி இறங்கிற்று. அவன் வேந்தனின் தலை நம் காசிலிருந்தும் அஞ்சல் தலையிலிருந்தும் அகன்றது. ஆனால் தமிழச்சியின் தாலிக்குப் பொன் நிறுக்கும்போது மட்டும் இன்றும் அவன் முடிமன்னன் பெயரைச் சொல்லித்தான் நிறுக்கின்றோம்! இதனினும் வெட்கக்கேடு ஒன்றுண்டு. அந்த இங்கிலாந்தில் கூட எவனும் தன் மனைவியின் நகையைச் சவரனால் நிறுப்பதில்லை. அவனுக்கு அது காசு. நிறைக்கு அவன் கிராமைக் கொண்டான். உரியவனே நிறைக்கு வழங்காத சொல்லை நாம் மார்போடு அணைத்துக் கொண்டிருக்கின்றோம்.

‘சட்டம் அப்படி; நாம் என் செய்வது?’ என்று எவரேனும் சொல்வாராயின் அது பொய். 1956-ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டம் பதின்முறை அளவைகளைக் கொணர்ந்தது. தோலா என்னும் வடநாட்டு நிறை அதனால் சட்ட வழக்கிழந்தது. 2009-ஆம் ஆண்டின் சட்டமும் வணிகத்திற்குக் கிராமையே கூறுகின்றது. சவரனை அது அறியாது. சட்டம் திணிக்காத சொல்லை நமக்குத் திணித்தவர் யார்? நாமே! அடிமைப்பட்டவன் விலங்கை உடைத்த பின்னும், பழகிப்போனதென்று அதனைக் காப்பாக அணிந்து திரிவது போன்றது இது.

நமக்கு வேறு சொல் இல்லாமையாலா இந்நிலை? உண்டு, ஒன்றல்ல, ஓர் அடுக்கே உண்டு. குன்றி, மஞ்சாடி, கழஞ்சு! வேலியோரக் கொடியில் செக்கச் சிவந்து, மூக்கில் மட்டும் கரியதாய் விளங்கும் குன்றிமணி முதற்படி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்று சிற்றூரார் கூறும் மரத்தின் செவ்விதை அது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழற்சிக்காயின் பெயரோடு உறவுடைய சொல் அது. பொற்கொல்லனின் நிறைகோலுக்குக் காடும் வேலியுமே படிக்கல் தந்தன. கற்றோரும் கல்லாரும் கண்டறியத்தக்க அளவை!

இவை நேற்று முளைத்தவையல்ல. அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எவ்வெவ் வெழுத்தில் தொடங்கும் என்று தொல்காப்பியம் நூற்பாவே வகுத்து, க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது எழுத்துகளைச் சுட்டுகின்றது. ஓர் இலக்கண நூல் இதற்கென இடம் ஒதுக்க வேண்டுமாயின், எத்தனை நிறைப்பெயர்கள் அந்நாளில் மக்கள் நாவில் உலவியிருக்க வேண்டும்! அரங்கேறிய மாதவி மன்னனிடம் பெற்ற பொன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு என்பார் இளங்கோவடிகள். மதுரைப் பொற்கடைத் தெருவில் நால்வகைப் பொன்னையும் வேறுபடுத்தி, வாங்குவோர் மயங்காதவாறு கொடி கட்டி விற்றதையும் அவரே காட்டுவார். வாங்குவோன் மயங்கக் கூடாது என்பதே அன்றைய வணிக அறம் என்பதை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

தஞ்சைப் பெரியகோயிலுக்குச் சென்று அதன் அடிச்சுவரைப் பாருங்கள். 1010-ஆம் ஆண்டை ஒட்டி இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் கொடுத்த பொன்னும் மணியும் அங்குக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பொன்னை நிறுத்த படிக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். மணி பதித்த நகைகளை நிறுத்த கல்லுக்குத் ‘தக்கிணமேரு விடங்கன்’ என்று பெயர்; வடசொல் புகுந்த பெயர்தான், மறைப்பானேன்? ஆனால் அக்கற்களால் நிறுத்த அளவோ கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் தமிழளவே. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்து எழுதியிருக்கின்றார்கள். நகைக்குள் அடைத்த அரக்கும் கோத்த சரடும் நிறையில் அடங்கியிருப்பின் அதனையும் ஒளியாது எழுதியிருக்கின்றார்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டோ, குடவோலையால் தேர்ந்தெடுத்த வாரியங்களுள் ‘பொன்வாரியம்’ ஒன்று இருந்ததைச் சொல்கின்றது. ஓர் ஊர், தன் பொன்னுக்கெனத் தனி வாரியம் வைத்திருந்த நாடு இது!

இனிக் கேளுங்கள் மற்றொரு செய்தி. போர்த்துகேயரும் பிறரும் தென்னாட்டு வயிரத்தை நாடிக் கடல் கடந்து வந்தபோது எந்த நிறையில் வாங்கினர்? தமிழில் மஞ்சாடி, தெலுங்கில் மஞ்சாளி என்று வழங்கும் நம் தென்மொழிச் சொல்லையே அவர்கள் ‘மாங்கெலின்’ என்று திரித்துக் கற்றுக்கொண்டு அதனால் வாங்கினர். 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு மணிவணிகர் தவர்னியே, வயிரச் சுரங்கத்தில் வழங்கிய நிறை அதுவே என்று எழுதி வைத்திருக்கின்றார். மன்னார்க் கடலில் முத்துக்குளித்தல் நடந்த காலமெல்லாம், முத்து கழஞ்சிலும் மஞ்சாடியிலுமே நிறுக்கப்பட்டது. வாங்க வந்தவன் நம் சொல்லைக் கற்றான். விற்றவர் மரபில் வந்த நாமோ அதனை மறந்தோம்.

மறந்துவிட்டு எதனைப் பிடித்துக் கொண்டோம்? காரட்டை! அதன் பிறப்பை ஆராய்ந்தால் நகைப்புத்தான் வரும். நடுநிலக்கடற் கரையில் வளரும் ஒரு மரத்தின் காய், கொம்புபோல் வளைந்திருக்கும். அதனால் கிரேக்கர் அதன் விதையைச் ‘சிறு கொம்பு’ என்னும் பொருளில் ‘கெரேத்தியன்’ என்றனர். அரபியர் ‘கீராத்து’ என்றனர். ஐரோப்பியர் ‘காரட்’ என்றனர். ஆக, அதுவும் ஒரு விதைதான்! நம் குன்றிமணியை விட ஓர் இம்மியும் உயர்ந்ததன்று. அவ்விதையின் நிறையும் ஊருக்கு ஊர் வேறுபட்டே இருந்தது. ஆனால் அவர்கள் அதனைக் ‘காட்டுமிராண்டி அளவை’ என்று தூக்கி எறியவில்லை. 1907-ஆம் ஆண்டில் உலக அளவை மாநாட்டில் கூடி, ‘இனி ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம்’ என்று வரையறுத்தார்கள். பெயர் பழையது, அளவு புதியது. அவர்கள் விதை உலகாண்டது. நம் விதை பல்லாங்குழிக்குள் போய்விட்டது. வேறுபாடு விதையில் இல்லை; விதைத்தவன் மானத்தில் இருக்கின்றது.

‘சொல்லில் என்ன இருக்கின்றது? பொன் பொன்தானே?’ என்பாரும் உளர். சொல்லில் நம் பணமும் இருக்கின்றது. அண்மையில் உறவினர் ஒருவருடன் ஒரு நகைக்கடைக்குச் சென்றிருந்தேன். பெயர்த்தியின் திருமணத்திற்குக் கல் பதித்த தோடு வாங்க வந்த உழவர் அவர். விற்பனைப் பிள்ளை தோட்டை நீட்டி, ‘இது 22 காரட், ஐயா’ என்றான். சற்று நேரத்தில் அதே தோட்டின் கல்லைக் காட்டி, ‘இது அரைக் காரட்’ என்றான். முதியவர் திகைத்து, ‘இருபத்திரண்டு எப்படித் தம்பி அரையாயிற்று?’ என்று கேட்டார். சூழ நின்றோர் சிரித்தனர். சிரிக்கத்தக்கவர் அவரல்லர்! பொன்னைப் பற்றிச் சொன்ன காரட் தரத்தைக் குறிப்பது. 24 பங்கில் 22 பங்கு தூய பொன் என்பது அதன் பொருள். கல்லைப் பற்றிச் சொன்ன காரட் நிறையைக் குறிப்பது. ஒரே சொல்லைத் தரத்திற்கும் நிறைக்கும் வைத்துக்கொண்டு வாங்குவோனை மயக்கும் வழக்கு அது. முதியவர் கேட்ட கேள்வியே அறிவுடைய கேள்வி.

தமிழில் இம்மயக்கம் உண்டா? நிறை வேறு, மாற்று வேறு! உரைகல்லில் உரைத்துக் காண்பது மாற்று. நிறைகோலில் வைத்துக் காண்பது நிறை. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று இன்றும் நல்லவனைப் பாராட்டுகின்றோமே, அது தூய பொன்னின் மாற்றைச் சுட்டும் சொல். ‘வீட்டில் குண்டுமணிப் பொன்கூட இல்லை’ என்று ஏழைத்தாய் புலம்புகின்றாளே, அது நிறையைச் சுட்டும் சொல். படிக்காத அவள் நாவில் இரண்டும் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. படித்தவன் கடையில்தான் குழம்பிக் கிடக்கின்றன.

இப்போது தடைக்கு விடை கூறுவோம். ‘பழங்கழஞ்சின் அளவு இடத்திற்கிடம் மாறியது, அதனை வைத்து இன்று வணிகம் செய்ய இயலுமா?’ என்பது தடை. மாறியது உண்மையே. காரட்டும் அப்படித்தான் மாறியது. 1907-இல் அவர்கள் செய்ததை நாம் ஏன் செய்யலாகாது? பழங்கழஞ்சு ஏறத்தாழ 5 கிராமை ஒட்டியது. ஆகவே இவ்வாறு வரையறுப்போம்: ஒரு கழஞ்சு 5 கிராம், அதில் இருபதில் ஒரு பங்காகிய மஞ்சாடி 250 மில்லிகிராம், அதில் பாதியாகிய குன்றி 125 மில்லிகிராம். நான்கு மஞ்சாடி ஒரு கிராம். எட்டுக் குன்றி ஒரு கிராம். பள்ளிப் பிள்ளையும் விரல்விட்டு எண்ணிவிடுவான். எட்டுக் கிராமைச் சவரன் என்று மனத்தில் நிறுத்திக்கொண்டவனுக்கு ஐந்து கிராமைக் கழஞ்சு என்று நிறுத்திக்கொள்ள அறிவு போதாதா?

‘உலக வணிகம் கெடும்’ என்பது இன்னொரு தடை. கிராமை ஒழிக்குமாறு நாம் கூறவில்லை. அது எல்லா நாட்டிற்கும் பொதுவானது. சட்டம் கேட்பதும் அதுவே. விலைச்சீட்டில் அது நிற்கட்டும். இலண்டன் அங்காடி, பிரான்சு நாட்டுத் துரோயே நகரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் அவுன்சில் பொன்விலை கூறுகின்றது, அது 31.1035 கிராம். அதனால் அவர்கள் வணிகம் கெட்டுவிட்டதா? பழைய ஊரொன்றின் பெயரை அவர்கள் உலகின் தலைமேல் ஏற்றி வைத்திருக்க, நாம் நம் வீட்டுக்குள்ளேனும் நம் சொல்லை வழங்கலாகாதா? நாம் வேண்டுவது, கிராமுக்குப் பக்கத்தில் சவரன் அமர்ந்திருக்கும் அந்த இருக்கை, அவ்வளவே!

மாற்றுக்கும் வழி எளிது. இன்று நகைகளில் 916 என்று முத்திரை பொறிக்கின்றார்கள். 2021 முதல் நாட்டின் பல மாவட்டங்களில் அது கட்டாயம். ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்பது அதன் பொருள். அதனை ‘916 மாற்று’ என்று சொல்வோம். பதினெட்டுக் காரட் என்பதை ‘750 மாற்று’ என்போம். நிறைக்குக் கழஞ்சு, தரத்திற்கு மாற்று. மயக்கம் தீர்ந்தது!

ஆகவே தமிழன்பரீர், பேசிக் கலைவதற்காக இதனை எழுதவில்லை. உங்கள் வீட்டுத் திருமணச் சீர்ப்பட்டியலில் ‘பவுன்’ என்று எழுதாதீர்கள். கிராமை எழுதிப் பக்கத்தில் கழஞ்சை எழுதுங்கள். நாற்பது கிராமா? எட்டுக் கழஞ்சு என்று எழுதுங்கள். கடைக்குச் சென்றால், ‘என்ன மாற்று? கல்லும் அரக்கும் நீங்கிய பொன்னிறை என்ன?’ என்று தமிழில் கேளுங்கள். விடை வரும்வரை பணப்பையைத் திறவாதீர்கள். தமிழுணர்வுடைய பொற்கொல்லரும் வணிகரும் தம் கடைப் பலகையில் கழஞ்சு விலையையும் எழுதி வைக்கட்டும். தமிழை வைத்துப் பிழைக்கும் நாளிதழ்களுக்கு, ‘சவரனை நீக்குக’ என்று ஆளுக்கொரு மடல் விடுங்கள். விடை வாராவிடின் மீண்டும் விடுங்கள். பிள்ளைகள் கையில் நாலைந்து குன்றிமணியைக் கொடுத்து, ‘உன் பாட்டன் பொன் நிறுத்தது இதனால்தான்’ என்று சொல்லிக் கொடுங்கள்; அதன் பருப்பு கொடிய நஞ்சாதலின் வாயில் இடாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவன் தன் செல்வத்தை எச்சொல்லால் அளக்கின்றானோ, அச்சொல்லுக்குரியவனையே தன்னினும் மேலோனாக ஏற்றவனாகின்றான். நம் பொன் நம்முடையது. உழைத்து ஈட்டியது நம்முடையது. அதனை அணியும் மகள் நம்முடையவள். அளக்கும் சொல் மட்டும் அயலானுடையதா?

சவரனை இறக்குவோம்! கழஞ்சை ஏற்றுவோம்!