பழுதும் பூட்டும்: வீட்டு அச்சுப்பொறியை முன்வைத்து

பெரும்பாலான இயந்திரங்கள் உழைத்துத் தேய்கின்றன. வீட்டு இன்க்ஜெட் அச்சுப்பொறியோ உழைக்காமல் கெடுகிறது. பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி போன்ற குடியிருப்புகளில், பெருந்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்புகளுக்காக வாங்கப்பட்ட அச்சுப்பொறி இன்று துணி போர்த்திப் பீரோவின்மேல் அமர்ந்திருப்பது அரிதான காட்சி அன்று. தேர்வு நுழைவுச்சீட்டோ ஆய்வேட்டின் திருத்தப்படியோ அவசரமாகத் தேவைப்படும் இரவில் அது கீழே இறக்கப்படுகிறது. தாள் முழுக்க வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. அல்லது கறுப்பு மை வருவதே இல்லை. "மலிவுப் பொருள், இவ்வளவுதான் உழைக்கும்" என்ற தீர்ப்போடு வீட்டார் ஜெராக்ஸ் கடையை நோக்கி நடக்கின்றனர்.

அந்தத் தீர்ப்பு இரு வேறு நோய்களை ஒன்றாகக் கருதுகிறது. ஒன்று, உரிமையாளரே தடுக்கக்கூடிய பழுது. மற்றொன்று, தயாரிப்பாளர் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை, பழுதுபார்க்கும் உரிமை குறித்த விவாதம் வெறும் முழக்கமாகவே நின்றுவிடும்.

முதலில் பழுது. அச்சுத்தலையில் தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எச்பி, கேனன் நிறுவனங்களின் வீட்டுப் பொறிகளில் நுண்ணிய வெப்பத்தடை ஒன்று மையைக் கணநேரம் கொதிக்கவைக்கிறது. அதில் எழும் குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. எப்சன், பிரதர் பொறிகளில் மின்னழுத்தத்தால் வளையும் பீசோ படிகம் அதே வேலையைச் செய்கிறது. எந்த முறையானாலும் மையின் பெரும்பகுதி நீர்தான். நீர் ஆவியானால் எஞ்சும் நிறப்பொருள் துளையை அடைத்துக்கொள்ளும். மார்ச், ஏப்ரல் மாதங்களின் வறண்ட பெங்களூர்க் காற்று இதை விரைவுபடுத்துகிறது.

இதைத் தடுக்கும் ஏற்பாடு பொறிக்குள்ளேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தி அணைக்கும்போது, அச்சுத்தலை ஓரத்திற்குச் சென்று ஒரு ரப்பர் மூடியின்மேல் அமர்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால், தலை பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் நல்ல பழக்கம் இங்கே துளைகளை உலர்த்தும் பழக்கமாக மாறுகிறது. முதலில் பொத்தான், விளக்கு அணைந்த பின்னரே சுவர் சுவிட்ச் என்ற ஒரே ஒழுங்கு பல பொறிகளின் ஆயுளை நீட்டிக்கும்.

மற்றவையும் கடினமானவை அல்ல. வாரம் ஒருமுறை எல்லா நிறங்களும் கொண்ட ஒரு பக்கத்தை அச்சிடுவது போதுமானது. கோடு விழுந்தால் முதலில் முனைச் சோதனைத் தாளை அச்சிட்டு, எந்த நிறத்தில் இடைவெளி என்று காண வேண்டும். தலைச் சுத்திகரிப்பை இரண்டு மூன்று முறைக்குமேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது. பயன் இல்லையெனில் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் முயல்வதே சரி. ஒவ்வொரு சுத்திகரிப்பும் மையை உறிஞ்சி வீணாக்குகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. மைத்தொட்டி உள்ள பொறியில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் குழாயில் காற்று புகும். பொறியைச் சாய்த்துத் தூக்கினால் மை சிந்தும். தாள் இழுபடாவிட்டால், பெரும்பாலும் தாளை இழுக்கும் ரப்பர் உருளையில் படிந்த தூசியே காரணம். நூல் பிரியாத துணியைச் சிறிது நனைத்துத் துடைத்தால் தீரும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாகச் செல்லும். கட்டைப் பிரித்த தாளை மூடி வைப்பதே அதற்கு மருந்து.

இதுவரை சொன்னவை உரிமையாளரின் பொறுப்பு. இனி பூட்டு.

சுத்திகரிப்பில் வீணாகும் மை பொறியின் அடியிலுள்ள பஞ்சுப் பட்டைக்குச் செல்கிறது. அப்பட்டை எவ்வளவு நிறைந்தது என்பதை எப்சன் உள்ளிட்ட பல பொறிகள் நேரடியாக அளப்பதில்லை. மென்பொருள் ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் பொறி நின்றுவிடுகிறது. தலை நன்றாக இருக்கிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, தொட்டியில் மை இருக்கிறது, ஆனால் அச்சிடாது. பஞ்சின் விலை அற்பம். அதை மாற்றிய பின்னும் எண்ணிக்கையைச் சுழியாக்கும் மென்பொருள் சேவை மையத்திடமே இருக்கிறது. எனவே எஸ்.பி. ரோடு போன்ற சந்தைகளின் பழுதுபார்ப்போர் கசிந்த மென்பொருள்களை நம்பவேண்டியுள்ளது. அவற்றைத் தாமே தேடி இறக்குவோர் நச்சுநிரலையும் சேர்த்தே இறக்கும் அபாயம் உண்டு.

தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. பஞ்சு நிரம்பி வழிந்தால் மேசை கறைபடும், மின்சுற்று கெடும், எச்சரிக்கை தேவைதான். ஆனால் எச்சரிப்பது வேறு, முடக்குவது வேறு. அண்மைய மாடல்கள் சிலவற்றில் கழிவு மைப் பெட்டியைப் பயனரே கழற்றி மாற்ற முடிகிறது. ஆக, இயற்பியல் விதித்த கட்டுப்பாடு அன்று அது, வடிவமைப்பின் தேர்வு. பிற நிறுவன மைப்பெட்டிகளை மறுக்கும் பொறிகளும் இவ்வகையே. இக்கட்டுப்பாட்டை நுகர்வோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் எச்பி நிறுவனத்திற்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. விற்ற மைப்பெட்டியின்மேல் காப்புரிமையைச் சொல்லித் தொடர்ந்து கட்டுப்பாடு செலுத்த முடியாது என்று லெக்ஸ்மார்க் வழக்கில் 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பயனரின் கைவேலை தொழில்துறைக்கு எதிரி என்ற வாதத்தையும் வரலாறு ஏற்கவில்லை. இந்தோனேசியாவில் கார்ட்ரிட்ஜ் பொறிகளின் பக்கவாட்டில் தொட்டி கட்டி, குழாய் வழியே மை செலுத்தும் வழக்கம் கடைக்காரர்களிடம் பரவியிருந்தது. எப்சன் தன் முதல் மைத்தொட்டிப் பொறியை 2010இல் அந்நாட்டில்தான் அறிமுகப்படுத்தியது. இன்று இந்திய வீடுகளில் காணப்படும் தொட்டிப் பொறி, பெயரில்லாத அந்தக் கைவினைஞர்களின் சிந்தனைக்கும் கடன்பட்டது. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து அல்லாமல் பயன்பாட்டிலிருந்தும் பராமரிப்பிலிருந்தும் எழுதவேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் வாதிட்டதற்கு இதைவிட நெருங்கிய சான்று தேவையில்லை.

இந்தியச் சட்டம் இந்தத் திசையில் பாதி தூரம் வந்திருக்கிறது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையவாயில் திறக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் அச்சுப்பொறியையும் அதன் கார்ட்ரிட்ஜையும் பட்டியலில் சேர்த்துள்ளன. ஆயினும் அவ்விதிகளின் மையம் மறுசுழற்சிதான். உடைத்துப் பிரிப்பதற்கு இலக்கும் சான்றிதழும் உண்டு; தெருமுனைக் கடையில் பஞ்சை மாற்றி ஒரு பொறியின் ஆயுளைக் கூட்டுபவரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சட்டம் முழுமை பெறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஓர் இடம் பல்கலைக்கழகம். துறைகளும் நூலகங்களும் விடுதிகளும் அச்சுப்பொறிகளை மொத்தமாக வாங்குகின்றன. குறைந்த விலை கோரியவருக்கே ஆணை செல்கிறது. கழிவு மைப் பெட்டியைப் பயனரே மாற்றமுடிய வேண்டும், எண்ணிக்கையைச் சுழியாக்கும் வழி வெளிப்படையாக இருக்க வேண்டும், உதிரிபாகங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தப்புள்ளியில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பராமரிப்புக் குறிப்பைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்கமாக எழுதிப் பொறியின் அருகே ஒட்டுவதற்கு நிதியும் வேண்டியதில்லை.

பழுதைக் கவனிக்கும் கடமை பயனருடையது. பூட்டைத் திறக்கும் கடமை தயாரிப்பாளருடையது. முதலாவதைச் செய்துவரும் பயனருக்கே இரண்டாவதைக் கேட்கும் தார்மிக வலிமை கூடும். பீரோவின்மேல் உறங்கும் பொறியைக் கீழே இறக்கி முனைச் சோதனைத் தாள் ஒன்றை அச்சிட்டுப் பார்த்தால், அது எந்த நோயால் கிடக்கிறது என்பதாவது தெரிந்துவிடும்.