தச்சர் உயர, தரம் கேட்பவர் வேண்டும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, பிளைவுட் அலமாரி செய்து கொடுப்பதோடு ஒரு தச்சரின் திறமை முடிந்துவிடுகிறதா? பெங்களூரிலும் மும்பையிலும் உளி பிடிக்கும் தமிழர் பலருக்கு அதற்கு மேல் வழியில்லை. கையில் திறமை இல்லாததா காரணம்? இல்லை. ஸ்பெயின் நாட்டுத் தச்சர் ஒருவரின் வாழ்க்கை வேறு காரணத்தைக் காட்டுகிறது.

அந்தோனியோ தெ தோரஸ் 1817-ல் அல்மேரியா நகருக்கு அருகில் பிறந்தவர். 12 வயதிலேயே தச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1845-ல் மனைவியை இழந்தார். பின்னர் பிழைப்புக்காக செவில் நகருக்குக் குடிபெயர்ந்து, கித்தார் செய்யத் தொடங்கினார். ஹூலியன் ஆர்காஸ் என்ற கித்தார் கலைஞர் அவருடைய வேலைப்பாட்டைக் கண்டு, இதையே முழு மூச்சாகச் செய்யும்படி தூண்டினார். 1858-ல் செவில் கண்காட்சியில் தோரஸின் கித்தாருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

மேஜை செய்தவர் கித்தார் செய்வது எளிதோ? இழைப்புளியும் உளியும் வச்சிரமும் இரண்டுக்கும் பொதுதான். ஆனால் மேஜைப் பலகை சற்றுத் தடித்தால் குற்றமில்லை. கித்தாரின் மேற்பலகை தடித்தால் ஒலி ஊமையாகிவிடும். மெலிந்தாலோ, சுமார் 40 கிலோ அளவுக்கு இழுக்கும் தந்திகள் அதை வளைத்துவிடும். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் பலகைக்கு அடியில், விசிறி போல் ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டி இந்தச் சிக்கலைத் தீர்த்தார் தோரஸ். விசிறிச் சட்டம் அவருக்கு முன்பே இருந்தது; அதைச் செம்மைப்படுத்திய பெருமை அவருடையது. ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் என்று காட்ட, 1862-ல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கித்தாரே உருவாக்கினார்! இன்றைய கித்தார் அவர் வகுத்த வழியில்தான் செய்யப்படுகிறது.

இத்தகைய மேதையும் 1870 வாக்கில் ஊர் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். 1875 முதல் கடையைக் கவனித்தபடியே மீண்டும் கித்தார் செய்தார். பதக்கமும் பாராட்டும் அடுப்பெரிய உதவவில்லை. ஆர்காஸ் போன்ற ஒருவர் தரம் கேட்டதால் கலை வளர்ந்தது; அப்படிக் கேட்டு, தக்க விலையும் தருபவர்கள் போதுமான அளவில் இல்லாததால் கலைஞர் கடைக்காரரானார்.

தமிழருக்கு இதில் பாடம் உண்டு. பலா மரத்தைக் குடைந்து வீணை செய்யும் தஞ்சைக் கைவினைஞர்களின் மரபு வித்வான்களின் காதுக்குப் பதில் சொல்லி வளர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் உலகின் உயர்ந்த கித்தார்களுக்கு முதுகும் பக்கமுமாகிறது. பிரேசில் ஈட்டி அருகி, 1992-ல் அதன் பன்னாட்டு வாணிபம் தடுக்கப்பட்ட பிறகு, இந்திய ஈட்டிக்கு மதிப்பு இன்னும் கூடியது. மரம் இங்கிருந்து போகிறது. பெயர் அயல்நாட்டுப் பட்டறைக்குப் போகிறது.

அரசு பயிற்சி தரலாம், கடன் தரலாம். அவை தேவையே. ஆனால் ‘நாளைக்கே வேண்டும், குறைந்த விலைக்கு வேண்டும்’ என்று மட்டும் கேட்கும் வாடிக்கையாளர் முன் எந்தத் திறமையும் துருப்பிடிக்கும். மாதச் சம்பளக்காரர் கித்தார் வாங்க வேண்டியதில்லை. மகளின் படிப்பு மேஜைக்கு நல்ல மரத்தையும் ஆணியில்லாத கூட்டையும் கேட்டு, அதற்கு ஒரு வாரம் கூடுதலாகப் பொறுத்து, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தால் போதும். அந்த மேஜையைச் செய்யும் கை, அடுத்த படிக்கு உயரும்.