வகுப்புக்கு நேரமாச்சு

2025 ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். சிகாகோ புறநகரில் எங்கள் ஊர் நூலகத்தில் மகள் எடுத்திருந்த பதினொரு புத்தகங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். கூட்ட அறை வாசலில் ‘வாக்குச்சாவடி’ என்று ஒரு பலகை. “இங்க எதுக்கும்மா ஓட்டு போடறாங்க?” என்றாள். “லைப்ரரி போர்டு, ஸ்கூல் போர்டு எல்லாம் இருக்கும். வா, கணக்கு வகுப்புக்கு நேரமாச்சு” என்று கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் ஜனாதிபதித் தேர்தலுக்கு அவளோடு ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, ஸ்டிக்கரை அவள் சட்டையில் ஒட்டிப் படமெடுத்து ஊரிலுள்ள சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தேன்.

அந்த அறை இருபதடி தூரத்தில் இருந்தது. இரவு ஏழு மணி வரை வாக்குப்பதிவு. ஏன் போகவில்லை? பத்து நிமிஷம் தாமதமாகிவிடுமே என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

ஜூன் மாதம் இங்குள்ள நம் தமிழ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். நூலகத்தின் கோடை வாசிப்பு அட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் நாற்பது புத்தகம் முடித்துவிட்டானாம் என்று சாப்பிடும்போது பேச்சு வரும். ஸ்பெல்லிங் பீ பட்டியலும் எஸ்ஏடி பயிற்சிப் புத்தகமும் பையில் இருக்க வேண்டும். காமிக்ஸ் எடுத்தால் முகம் சுளிப்போம். ஒருநாள் என் மகள் நூலகத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, திமிங்கலங்கள் பற்றிய படப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “இது ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க படிக்கிறதுடி” என்று வாங்கி அலமாரியில் செருகினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, நான் நீட்டிய புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். நல்லதுக்குத்தான் செய்தேன். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தத் திமிங்கலப் புத்தகம் அந்த அலமாரிக்கு எப்படி வந்தது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

எங்கள் இல்லினாய் மாநிலத்தில் நூலக மாவட்டம் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட வாரியம். சம்பளம் கிடையாது. எவ்வளவு வரி வசூலிப்பது, ஞாயிற்றுக்கிழமை திறப்பதா, யாரை இயக்குநராக வைப்பது, புத்தகம் வாங்க எவ்வளவு ஒதுக்குவது எல்லாம் அவர்கள் கையில். நம் சொத்து வரிச் சீட்டில் நூலகத்துக்கென்று தனி வரியே இருக்கிறது. மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு மடித்து வைத்துவிடுகிறோம். சிகாகோ புறநகரிலுள்ள நைல்ஸ்-மெய்ன் நூலகத்தில் 2021 ஏப்ரல் தேர்தலுக்குப் பிறகு வாரியத்தில் புதிய பெரும்பான்மை வந்தது. செலவை வெட்டினார்கள், திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள், இயக்குநர் ராஜினாமா செய்தார். ஒரே ஒரு தேர்தலில் நடந்தது இது.

புத்தகத் தடைக்கு எதிராக ஆளுநர் பிரிட்ஸ்கர் 2023-ல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாரே, பிறகென்ன கவலை என்று ஒரு நண்பர் கேட்டார். புத்தகங்களைத் தடை செய்வதில்லை என்று உறுதி தரும் நூலகத்துக்கே மாநில மானியம் என்கிறது அந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் ஞாயிறு மதியம் கதவைத் திறந்து வைக்க அது வராது. எங்கள் நூலகத்தில் இருக்கும் இரண்டு தட்டு தமிழ்ப் புத்தகங்களை மூன்றாக்கவும் வராது.

போன செப்டம்பரில் மகள் பள்ளி மாணவர் மன்றத் தேர்தலில் நின்றாள். வீடே அமளிதுமளி. அப்பா சுவரொட்டி அச்சடித்தார். நான் பேச்சை எழுதித் திருத்தி, இரவு பதினொன்று வரை கண்ணாடி முன் நிறுத்திச் சொல்ல வைத்தேன். தூக்கக் கண்ணோடு ‘பொறுப்புள்ள குடிமக்கள்’ என்று அவள் நான்காம் முறை சொன்னபோது, ஏப்ரல் மாதத்து அந்தப் பலகை எனக்கு நினைவுக்கு வந்ததா? வரவில்லை.

கிரீன் கார்டிலும் எச்-1பியிலும் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, தெரியும். ஆனால் வாரியக் கூட்டம் பொதுக்கூட்டம். யாரும் போகலாம், எழுந்து பேசவும் சட்டம் இடம் தருகிறது. குடியுரிமை பெற்றவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு, முன்கூட்டியே போடவும் வசதி உண்டு. சில நகரங்களில் வாரியத்தை மேயர் நியமிக்கிறார். அங்கே மேயர் தேர்தலைக் கவனியுங்கள். அடுத்த ஏப்ரல் தேர்தல் 2027-ல். கணக்கு வகுப்பை ஒரு நாள் விட்டால் பிள்ளைக்கு என்ன குறைந்துவிடும்?

சென்ற மாதம் மகளோடு வாரியக் கூட்டத்துக்குப் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை நேரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பொதுமக்களுக்கு இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். நான்கில் ஆள் இருந்தது. அதில் இரண்டு எங்களுடையவை.