மாத்திரை கொடுத்தால் எடையும் பார்க்க வேண்டும்

மனச்சிதைவு நோய்க்கு ஓலன்சபின் சாப்பிடுபவர் சற்றுப் பூசினாற்போல் ஆனால் 'தேறிவிட்டார்' என்று வீட்டார் மகிழ்கிறார்கள். மேலும் பருத்தால் 'தின்றுவிட்டுத் தூங்குகிறார்' என்று அதே வீட்டார் ஏசுகிறார்கள். ஓலன்சபினும் அதே வகை மருந்தான குளோசபினும் மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டமின், செரடோனின் ஏற்பிகளை மறிப்பதால், வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்குவதில்லை. எடையோடு சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள், பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடல் நோய்களால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே எடையைக் கவனிக்கும் பொறுப்பு மருந்து எழுதுகிறவருக்கும் உண்டு.

'குறைத்துச் சாப்பிடு, நட' என்ற அறிவுரை தவறில்லை. ஆனால் நீலகிரியில் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மலைச்சரிவில் ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்து பறித்த பெண், மருந்தின் மயக்கத்தில் வேலைக்குப் போவதை விட்டால், கூலியோடு அன்றாட உடலுழைப்பும் போய்விடுகிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை பயம். தென்மேற்குப் பருவத்தில் விடாத மழை. தட்டில் ரேஷன் அரிசிச் சோறுதான் பெரும்பகுதி. டீயில் சர்க்கரையைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். (டீயோடு தின்னும் வர்க்கியை விடச் சொல்ல எனக்கே மனம் வராது.) ஆனால் மருந்து தூண்டும் பசியை மனஉறுதி மட்டுமே வெல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எடை கூடும் என்று முன்கூட்டியே சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சொல்லாவிட்டாலும் சட்டை இறுகுவது தெரியத்தான் போகிறது. அப்போது யாரிடமும் கேட்காமல் நிறுத்துவார்கள், நோய் திரும்பும். பரிகாரத்தோடு சேர்த்துச் சொல்வதே மேல். மருந்து தொடங்கும்போதும், பிறகு 4, 8, 12 வாரங்களிலும் எடை பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் 2004-லேயே பரிந்துரைத்தன. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எச்சரிக்கைக் கோடு. எடை ஏறினால், அதிகம் பருக்கவைக்காத அரிபிப்ரசோல் போன்ற மருந்துக்கு மாற முடியுமா என்று மருத்துவர் பார்க்கலாம். வேறு மருந்துகள் கைவிட்ட பிறகே பெரும்பாலும் குளோசபின் தருகிறார்கள் என்பதால் அதை எளிதில் மாற்ற முடியாது. அங்கே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை உதவும். அது சராசரியாக 3 கிலோ அளவுக்கு எடையைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரைக்கு ஒரு மாத்திரையா என்ற கேள்வி நியாயமானதே. வயிற்று உபாதை வரலாம், சிறுநீரகத்தைச் சோதித்த பிறகே தர வேண்டும். என்றாலும் இது விலை குறைந்த, பழகிய மருந்து.

மலையில் வசதி ஏது என்பார்கள். பந்தலூரிலிருந்து ஊட்டி மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். ஆனால் எடை பார்க்க ஊட்டி எதற்கு? எடைக்கருவியும் அளவு நாடாவும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போதும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மனநல மருந்து எடுப்பவர்களின் எடையையும் அத்திட்ட ஊழியர்கள் குறித்துவர மாவட்ட மனநலத் திட்டம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை வீட்டார் ஒன்று செய்யலாம்: மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது எடையையும் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.