விடை தெரிந்தால் போதுமா?

1929இல் தொடங்கப்பட்ட போ தோட்டம் உள்ளிட்ட கேமரன் மலைத் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து, வாட்டி உருட்டி நசுக்கப்பட்ட பின் பரப்பி வைக்கப்படுகிறது. சற்று நேரத்தில் பச்சை இலை செம்பு நிறமாகி மணம் வீசும். அதை உலர்த்தியில் இடவேண்டிய நேரத்தை அனுபவமுள்ள தொழிலாளர் நிறத்தையும் மணத்தையும் கொண்டே சொல்லிவிடுவார். இலை ஏன் நிறம் மாறுகிறது? நசுங்கிய இலையிலுள்ள நொதி ஒன்று, காற்றிலுள்ள உயிர்வளியின் துணையோடு இலையின் பாலிஃபீனால்களை மாற்றுகிறது. கைக்கும் மூக்கும் தெரிந்திருந்த விடைக்கு அறிவியல் பின்னர்தான் காரணம் கண்டது.

நொதி ஒரு புரதம். புரதத்தின் வேலையை அதன் வடிவமே தீர்மானிக்கிறது. ஒரே ஒரு வடிவத்தைக் கண்டறியச் சில வேளைகளில் ஆண்டுகள் பல ஆகும். ஆல்ஃபாஃபோல்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு 200 மில்லியனுக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவங்களைக் கணித்துவிட்டது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இது மாபெரும் சாதனைதான். ஆயினும், 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட வரைபடத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை அது காட்டுகிறது. ஒரு பக்கத்தில் அடங்கும் அவ்வரைபடம் ‘ஏன்’ என்பதற்கும் பதில் சொல்கிறது. கணினி கணித்த வடிவங்களைச் சரிபார்க்க இன்றும் அது பயன்படுகிறது. ஆல்ஃபாஃபோல்டின் விடையோ கோடிக்கணக்கான எண்களுக்குள்ளிருந்து வருகிறது; அவற்றைப் படித்துக் காரணம் சொல்ல எவராலும் எளிதில் இயலாது.

விடை சரியாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். நோய்க்கு மருந்து தேடுபவரிடம் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. (கணிதத் தாளில் செய்வழி இல்லாத விடைக்கு முழுப் புள்ளி கிடைப்பதில்லை என்பதை மாணவர்கள் அறிவர்.) ஆனால், காரணத்திற்கு ஒரு தனி வலிமை உண்டு, அது வேறிடத்திற்கும் செல்லும். தேயிலை நிறம் மாறும் காரணத்தை அறிந்தவருக்கு, வெட்டிய ஆப்பிளும் கத்தரிக்காயும் ஏன் கறுக்கின்றன என்பதும் விளங்கிவிடுகிறது. தேயிலையின் மணத்தை மட்டும் அறிந்தவருக்கு ஆப்பிளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இனிப் பல ஆய்வுக்கூடங்களில் விடை முதலில் வந்து சேரும். காரணத்தைத் தேடும் பணி அதன்பின்தான் தொடங்கும். விடை கையில் இருக்கும்போது அப்பணிக்கு நேரமும் பணமும் ஒதுக்க யார் முன்வருவார் என்பதே இப்போது எழும் கேள்வி.