கைலியின் பெருமையும் கடைக்காரரின் கர்வமும்

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘பெலிக்கட்’ என்றே பெயர். எங்கிருந்து போனது இந்தப் பெயர்? நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலிருந்து! 1613-ல் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், இந்தக் கரையின் நெசவுத் துணிகளைக் கப்பலேற்றிக் கீழைத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருட்களை வாங்கினார்கள். ஊரின் பெயரே துணியின் பெயராகிவிட்டது. (நம் இளைஞர்கள் கைலி கட்டிக் கடைத்தெருவுக்கு வரக் கூச்சப்படுவது தனிக் கதை.)

இதைச் சொல்லிப் பெருமைப்படலாமா? தாராளமாகப் படலாம். நல்ல ஆடையும் நல்ல காலணியும் அணிய விரும்புவது ஆணவமாகுமா என்று கேட்கப்பட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஆணவம் என்று சொல்லவில்லை. உண்மையை மறுப்பதையும் மனிதர்களை இழிவாகக் கருதுவதையுமே ஆணவம் என்று விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

சகோதரர்களே! இந்த அளவுகோலை நம் மீதே வைத்துப் பார்ப்போமா?

துணி ஏறிய அதே பழவேற்காட்டுத் துறையிலிருந்துதான் 17-ஆம் நூற்றாண்டில் மனிதர்களும் அடிமைகளாகப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டார்கள். பஞ்ச காலங்களில் பசிக்கு விலைபோனவர்கள் அவர்களில் ஏராளம். உள்ளூர்த் தரகர்களின் கையும் அதில் இருந்தது. பழைய கடல் வாணிபத்தை மேடைதோறும் புகழ்கிற நாம் இதையும் சேர்த்துச் சொல்வதுண்டா? சொன்னால் கைலியின் மதிப்பு குறைந்துவிடாது. மறைத்தால்தான் பெருமை கர்வமாகிறது.

அடுத்தது கும்மிடிப்பூண்டி. சிப்காட் ஆலைகளில் உலையின் வெக்கையில் வேகிறவர்கள் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நம் கடைகளில் அரிசியும் பருப்பும் வாங்குகிறவர்கள். வயதில் மூத்தவரையும் ‘டேய்’ என்று கூப்பிடும் வணிகர்கள் நம்மில் இல்லையா? ஜும்ஆவில் தோளோடு தோள் ஒட்டி நின்றவரே அரை மணி நேரம் கழித்துக் கடை வாசலில் வெறும் ‘ஹிந்திக்காரன்’ ஆகிவிடுகிறார்! மீதிச் சில்லறையை அவர் கையில் கொடுக்காமல் பலகையில் வீசுகிறோம்.

நம் பாட்டன்மார்களும் பினாங்கிலும் ரங்கூனிலும் மொழி தெரியாமல்தான் இறங்கினார்கள். மலாயாவில் அவர்களை ‘கிளிங்’ என்று ஏளனமாக அழைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு இன்றும் வலிக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிலாளியோ நம்மைப் ‘பாய்’ என்றுதான் அழைக்கிறார். அவர் மொழியில் அதற்குச் சகோதரன் என்று பொருள். நாம் திருப்பிச் சொல்வதோ ‘டேய்’.